விதி பதினான்கு

"சார், உங்க ஃபாரம் ஃபைல்ல இல்ல" என்றார் குமாஸ்தா.

நில அளவையாளர் சங்கத்தின் செயலாளர் நிமிரவில்லை. பதினொரு மணிக்குப் பொதுக்குழு. போட்டியே இல்லாமல் தலைவராகப் போகிறவர். ஏற்புரையில் 'நேர்மை' என்ற சொல்லை மூன்றாவது தடவை எங்கே நுழைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஃபாரம்?"

"உறுப்பினர் புதுப்பிக்கிற ஃபாரம். போன மாசக் கடைசியோட கெடு முடிஞ்சுது. எல்லாரோடதும் வந்தாச்சு. உங்களோடது மட்டும்தான் இல்ல."

"நல்லாத் தேடிப் பாருய்யா!"

"ரெண்டு நாளாத் தேடுறேன் சார். பீரோ, அலமாரி, வரைபடம் சுருட்டி வைக்கிற குழாய்கூட விடல. உங்க மேஜை டிராயர் ஒண்ணுதான் பாக்கி. பூட்டியிருக்கு."

"அதுல ஒண்ணும் இல்ல!"

அவர் போட்ட சத்தத்தில் குமாஸ்தா ஓரடி பின்னால் போய்விட்டார். செயலாளர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"சரி, இப்ப ஒண்ணு எழுதித் தரேன். தேதியைக் கொஞ்சம் முன்னால தள்ளி..."

"வரவுப் பதிவேட்டுல அன்னிக்கு சாயங்காலமே கோடு போட்டு மூடியாச்சு சார். கோடு போட்டதே நீங்கதான். அப்புறம், விதி பதினாலு. ஒரு நாள் லேட்டானாலும் பேரை எடுத்துடணும்."

அந்த விதியை எழுதியவரும் அவரேதான். சங்கத்தில் அவருக்குக் 'கறார்' என்று பட்டப்பெயர். அதைப் பாராட்டு என்றே நம்பி வந்தார், பாவம்.

விதி பதினான்குக்கு முதல் பலி அவருடைய மனைவியின் தம்பி. மூன்று வருடத்துக்கு முன் மழையில் பாதை அறுந்து, அளவைக் கருவியோடு மலைமேல் மாட்டிக்கொண்டவன், ஒரே ஒரு நாள் தாமதமாக ஃபாரத்தோடு வந்து நின்றான். "சொந்தக்காரனுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டு, கறார் அவன் பேரை அடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். உறுப்பினர் அல்லாதவர் கையெழுத்திட்ட வரைபடம் செல்லாது என்பதால், மச்சினனின் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கறாரிடமே வந்து சேர்ந்தார்கள். காடு மேடெல்லாம் அளந்தவன் இப்போது துணிக்கடையில் திரைச்சீலை அளக்கிறான். மனைவி கேட்கும்போதெல்லாம் கறாரிடம் ஒரே பதில்: "அவன் ஒரு அப்பீல் போட்டிருந்தா நானே பேசியிருப்பேன். போடலையே!"

கறார் வீட்டுக்கு ஃபோன் போட்டார். மனைவி எடுத்தாள்.

"போன மாசம் ஒரு கவர் குடுத்து ஆபீஸ்ல சேக்கச் சொன்னேனே, என்ன பண்ணின?"

"வச்சாச்சே. கெடு தேதிக்கு நாலு நாள் முன்னாடியே."

"யார்கிட்ட குடுத்த?"

"சாப்பாட்டு நேரம், ஆள் யாரும் இல்ல. ஆபீஸ்ல வைக்கச் சொன்னீங்க, வச்சேன். நேர்ல பேசுவோம், உங்க கோட்டைத் தேச்சுட்டிருக்கேன்."

அப்படியானால் தொலைத்தது குமாஸ்தாதான். என் ஃபாரத்தைத் தொலைத்ததற்கு விளக்கம் தருக என்று எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினார். குமாஸ்தா நிதானமாகப் படித்தார்.

"கீழ 'செயலாளர்'னு போட்டிருக்கீங்க. உறுப்பினரா இல்லாதவர் செயலாளரா இருக்க முடியாதே சார். ஆனா வந்த கடிதத்தைப் பதியாமலும் இருக்க முடியாது."

பதிந்தார். கறாரின் ஃபாரம் காணோம் என்பதற்குக் கறாரின் கையெழுத்திலேயே சாட்சி ஆகிவிட்டது. நுணலும் தன் வாயால் கெட்டது. அரை மணியில் செயற்குழு முழுவதும் கூடி நின்றது.

"ஒரு வழி இருக்கு" என்றார் பொருளாளர். அவருடைய முகத்தில் துக்கம் இருந்தது, கண்ணில் இல்லை. "விதி பதினேழு. அப்பீல் போடுங்க. அது செயலாளர் கைக்கு வந்துட்டா, விசாரிச்சு முடியற வரைக்கும் யாரும் உங்க பேரை எடுக்க முடியாது."

"இதோ எழுதறேன்!"

"செயலாளர் கைக்கு வரணும். இப்ப செயலாளர் யாரு?"

பொருளாளரே தொடர்ந்தார்.

"முன்னாடி எப்பவாவது இப்படி அப்பீல் வந்திருந்தா, அப்ப என்ன பண்ணினோமோ அதையே பண்ணலாம். வந்திருக்கா?"

கறாரின் முப்பது வருடத் தொழில், முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. வந்தது என்று சொன்னால் பிழைக்கலாம். ஆனால் அது எங்கே என்று கேட்பார்களே!

"இல்ல" என்றார். "ஒண்ணுகூட வந்ததில்ல."

"குறிச்சுக்கோங்க" என்றார் பொருளாளர்.

பதினொரு மணிக்குப் பேரை அடித்தார்கள். "செயலாளருக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். போன தடவையைவிடச் சத்தமாகவே தட்டினார்கள். பொருளாளர் போட்டியின்றித் தலைவரானார். குமாஸ்தா மரியாதையாகக் கை நீட்டி முத்திரையை வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் தேய்த்த கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு மனைவி உள்ளே வந்தாள். கறார் அத்தனை பேர் முன்னாலும் வெடித்தார்.

"என் பொழப்பே போச்சு! ஆபீஸ்ல வச்சேன் வச்சேன்னியே, எங்கதான் வச்ச?"

அவள் கோட்டை நாற்காலி முதுகில் சுருக்கம் விழாமல் மாட்டினாள்.

"மேஜை மேல வச்சா தொலைஞ்சுடும்னு, வீட்டுல இருந்த இன்னொரு சாவியைக் கொண்டுவந்து உங்க டிராயரைத் திறந்து வச்சேன். என் தம்பியோட அப்பீலுக்கு மேலதான் இருக்கு."