ஆறடி வளர்ந்த காஸ்மாஸ்

யாராவது 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் அதைச் செய்தே தீருவது என் சுபாவம். அறுபதுகளில் கல்யாணமாகி பம்பாய் செம்பூருக்கு வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தேன்.

தரைத்தள வீடு. பின்னால் பாய் விரிக்கிற அளவுக்கு மண் இருந்தது. மழை விட்டதும் காஸ்மாஸ் விதை வாங்கி வந்தேன். பொட்டலத்தின் மேலிருந்த படத்தை மாமியார் பார்த்தார்.

"வாசனை உண்டோ?"

"இல்லேம்மா."

"தலைல வச்சுக்கலாமா? ஸ்வாமிக்குப் போடலாமா?"

"ரெண்டும் இல்லே. சும்மா பாக்கலாம்."

"பாக்கறதுக்குன்னு ஒரு பூவா! பொங்கல் வரைக்கும் டைம் தரேன். பூக்கலேன்னா அங்கே வெண்டைக்காய்தான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. (இருபது வயசு, கொதிக்காம என்ன செய்யும்?) பக்கத்துத் தபேலாவிலிருந்து (பம்பாயில் எருமைக் கொட்டிலுக்கு அதுதான் பெயர்) சாணி, கடலைப் பிண்ணாக்கு, அரிசி களைந்த தண்ணீர் என்று செடிகளுக்கு மாப்பிள்ளை விருந்தே போட்டேன். அவை என் கணவரைவிட உயரமாக வளர்ந்தன. எங்கே பார்த்தாலும் இலை. மொட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. சாப்பாடு அதிகமானால் காஸ்மாஸ் பூக்காதாம். யாராவது சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

போதாக்குறைக்கு, பொங்கலன்று பூப் பார்க்க வரும்படி கணவருடைய மேலதிகாரியின் மனைவியை வேறு அழைத்திருந்தேன். மராட்டிக்கார அம்மாள். பின்பக்கம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அரே வா! இத்னா ஷேபு!" (அடேயப்பா, இவ்வளவு ஷேபுவா!)

ஷேபு என்பது மராட்டியர்கள் வதக்கிச் சாப்பிடும் கீரை. இலை அசல் இதே மாதிரி இருக்கும். இது பூச்செடி என்று சொன்னால், பூ எங்கே என்பார். கதவோரம் மாமியார் வேறு நின்றிருந்தார்.

"ஹாங்ஜி, கர் கா ஹை" என்றேன். (வீட்டிலேயே விளைஞ்சதாம்!) பெரிய கட்டாக அறுத்தும் கொடுத்தேன்.

மறுநாள் கணவர் ஆபீஸிலிருந்து கடுகடுவென்று வந்தார்.

"அது என்ன கீரைடி? ஆபீஸர் ஆத்துல ராத்திரி ஒருத்தரும் சாப்பிடலையாம்!"

மாமியார் சிரித்த சிரிப்பில் மாடிவீட்டார் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெண்டைக்காய் வந்தது. மிச்சமிருந்த விதையைக் கோபத்தில் காம்பவுண்டுச் சுவரோரம் கிடந்த செங்கல் குவியலில் வீசினேன். அப்புறம் திரும்பியே பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அங்கே ரோஸும் வெள்ளையுமாக அத்தனை பூ! மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நீ கவனிக்காம விட்டா எல்லாம் நன்னாத்தான் வருது" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் எது நல்லபடியாக நடந்தாலும், பையன் பாஸானாலும், பெண்ணுக்கு வேலை கிடைத்தாலும், "அம்மா கவனிக்கலை போலிருக்கு" என்பார்கள்.

சொல்லட்டும். சொல்கிறவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி நெய்யை ஊற்றுவேன்.