பதினெட்டு வோல்ட் அண்ணாச்சியும் மெதுவாக ஏறும் சார்ஜரும்

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட ஒரு வீட்டில் ஒரு தடவைதான் கேசரி தின்பார்கள். ஒரு பேட்டரியைப் பார்த்து முடிவு சொல்ல இரண்டு கோடைகாலம் எடுத்துக்கொண்ட மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பெயர் உண்டு. பில்லில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் கடையில் எல்லோருக்கும் அவர் பதினெட்டு வோல்ட் அண்ணாச்சி.

எங்கள் கடை இராஜபாளையத்தில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின், திருகாணி, கீல் எல்லாம் விற்போம். முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். நான் பில் போடுகிறவள். பத்தாவது வரை படிப்பு. ஆட்கள் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கால்குலேட்டர் பேசினால் போதும் என்று பாயும் விட்டுவிட்டார்.

அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். வீடு வீடாகப் போய் ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பது அவர் தொழில். ஏணியில் நின்று சட்டத்துக்குத் துளை போட வேண்டும். அதுவரை வயர் வைத்த மெஷின்தான் வைத்திருந்தார். அந்த வயரால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"மாடி ஜன்னலுக்கு ஏறிப் பாதி ஓட்டை போட்டிருப்பேன் பாய். கீழ இருந்து அந்த வீட்டம்மா, 'செத்த நேரம் நிப்பாட்டுங்க, சட்னி அரைக்கணும்'னு பிளக்கைப் பிடுங்கி மிக்ஸியைச் சொருகிரும். சட்னி முடிஞ்சு மாவு, மாவு முடிஞ்சு மசாலா. நான் ஏணியில ஆணி அடிச்ச படம் மாதிரி நிப்பேன்."

"அவிய சமைக்க வேணாமா?" என்றார் பாய்.

"சமைக்கட்டும். ஒரு வாய் எனக்கும் குடுத்தா என்ன?"

இன்னொரு வீட்டில் இராஜபாளையம் நாய் ஒன்று வயரைக் கவ்விக்கொண்டு தெருவைப் பார்த்து ஓடியதாம். எங்கள் ஊர் நாய்க்கு ஓடத்தான் தெரியும், நிற்கத் தெரியாது. வயர் போன வேகத்தில் மெஷினும், மெஷின் போன வேகத்தில் அண்ணாச்சியும் கீழே வந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் வயர் இல்லாத மெஷின் வாங்குவது என்று முடிவு செய்தாராம். அந்த முடிவை மட்டும் சட்டென்று எடுத்தார்.

முதல் நாள் இரண்டு கம்பெனிப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் பதினெட்டு வோல்ட், மற்றதில் இருபது வோல்ட்.

"ரெண்டும் ஒரே பவருங்கிறீக. அந்த ரெண்டு வோல்ட் எங்க போச்சு?"

"முழுசா ஏத்தி எடுத்த உடனே இருபது காட்டும். வேலை செய்யயில பதினெட்டுதான் நிக்கும். சரக்கு ஒண்ணுதான்" என்றார் பாய்.

"அப்ப பதினெட்டுன்னு சொல்றவன்தான் யோக்கியன்" என்று அந்தப் பெட்டியைத் தடவிக் கொடுத்தார் அண்ணாச்சி. பெயர் வந்த கதை அதுதான்.

யோக்கியனையே வாங்கியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அவருக்கு அடுத்த சந்தேகம் வந்தது. இரண்டு ஆம்பியர் பேட்டரியா, நான்கு ஆம்பியரா? பெரியது இரண்டு மடங்கு நேரம் ஓடும், ஆனால் கனம். "தலைக்கு மேல பிடிக்கணும்ல" என்று மெஷினில் பெரிய பேட்டரியை மாட்டி, கையை நேரே உயர்த்தி, கடை நடுவில் நின்றுவிட்டார். கீல் வாங்க வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். "பல்லியா?" என்று ஒருவர் கேட்டார். அண்ணாச்சி கை ஓயும்வரை நின்றுவிட்டு, "யோசிச்சுட்டு வாரேன்" என்று பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த முறை கையில் அரைக் கிலோ பால்கோவாவோடு வந்தார். எங்களுக்கு என்று நினைத்துப் பாய் கையை நீட்டினார்.

"இருங்க. இது எடைக்கல்லு."

ஊருக்குப் போனதும் பேட்டரியின் கனம் கைக்கு மறந்துபோகிறதாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தக் கனமும் பால்கோவாக் கணக்கில்தான் மனதில் நிற்குமாம். ஆணி நிறுக்கிற தராசில் ஒரு பக்கம் பால்கோவா, ஒரு பக்கம் பேட்டரி. சின்ன பேட்டரி அரைக் கிலோவுக்கு உள்ளே அடங்கியது. பெரியது அதைத் தாண்டியது. தராசு முள்ளைப் பார்த்து, பெரிய டாக்டர் போலத் தலையாட்டினார்.

அதோடு விட்டாரா? ஊருக்குப் போய்ப் பழைய மெஷினின் கைப்பிடிக்குக் கீழே பால்கோவாப் பொட்டலத்தைக் கயிறு போட்டுக் கட்டி, ஒரு நாள் முழுக்க ஏணியில் நின்று வேலை செய்து பார்த்திருக்கிறார். பெரிய பேட்டரியைத் தாங்க முடியுமா என்று சோதனை. மத்தியானத்துக்குள் எறும்பு ஏணி வழியாக ஏறி, மெஷின் வழியாகச் சட்டைக் கைக்குள் வந்துவிட்டது.

"கனம் தாங்கிருச்சு பாய். கடிதான் தாங்கல" என்றார்.

ஒவ்வொரு தடவையும் எடைக்கல் வந்தது. எடை பார்த்ததைத் திரும்பக் கொண்டுபோவது மரியாதை இல்லை என்று கடையிலேயே வைத்துவிட்டுப் போவார். பாய்க்கோ சர்க்கரை வியாதி. "ஏப்பா, நீ பேட்டரி வாங்கி முடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன் போலருக்கே" என்று சொல்லிக்கொண்டே ஒரு விள்ளல் எடுத்துக்கொள்வார். எனக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பொட்டலம் பில் மேஜைக்கு வரும்.

"இது மேடத்துக்கு. தராசுல வைக்காதது."

கடையில் எல்லோருக்கும் நான் அக்கா. அவர் ஒருவர்தான் மேடம் என்பார். கேலியோ என்று முதலில் நினைத்தேன். இல்லை.

கனத்துக்கு ஒரு முடிவு வருவதற்குள் கம்பெனிப் பிரச்சினை வந்தது. ஒரு கம்பெனிப் பேட்டரி மற்ற கம்பெனி மெஷினில் உட்காராது. இன்றைக்கு டிரில்லிங் மெஷின் வாங்கினால், நாளைக்கு வாங்குகிற கட்டிங் மெஷினும் அதே கம்பெனியாக இருந்தால்தான் அதே பேட்டரியைப் போட முடியும். பாய் இதைச் சொன்னதும் அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இது சாமான் வாங்குறது இல்ல பாய். சம்பந்தம் பண்றது. ஒண்ணைக் கட்டிக்கிட்டா ஆயுசுக்கும் அதான?"

"அதான்."

"அம்பது வயசுல இதெல்லாம் சட்டுன்னு செய்ய முடியுமா?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏப்பா, நீ பேட்டரி பார்க்க வாரியா, பொண்ணு பார்க்க வாரியா?"

நான் குனிந்து, ஏற்கெனவே கூட்டிய பில்லை மறுபடி கூட்டினேன். வேறு விடை வந்தது.

அவர் வருகிற நாளும் ஒரு கணக்குத்தான். பராமரிப்பு என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மாதத்துக்கு ஒரு நாள் மின்தடை செய்வார்கள். அன்றைக்கு அவருக்கு வேலை இருக்காது. எங்கள் ஊரில் கரண்ட் இருக்கும். பஸ் ஏறி வந்துவிடுவார். எனக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் காலையில் பேப்பரைப் பிரித்தால் மின்தடை அறிவிப்பைத்தான் முதலில் பார்க்க ஆரம்பித்திருந்தேன். எங்கள் ஊர் மின்தடை எனக்கு மறந்துபோய், மாவு ஆட்டாமல் விட்ட நாளெல்லாம் உண்டு. அவர் ஊருடையது மறந்ததில்லை.

வாங்கிவிட்டால் பிறகு எதற்கு வருவார்? திருகாணி அவர் ஊரிலேயே கிடைக்கும். விற்கிற கடையில் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கும் இவர் ஒன்றும் வாங்காமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்த மாடல் இனி வராது. இருக்கிறது இந்த ஒரு பெட்டிதான். சேத்தூர்ல இருந்து ஒருத்தர் கேட்டுட்டுப் போயிருக்காரு. இன்னைக்குச் சொல்லு."

அண்ணாச்சி பெட்டியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், கடைசியில் பில் மேஜைக்கு வந்தார்.

"மேடம், நீங்க சொல்லுங்க. பெருசா, சின்னதா?"

"சின்னதுல ரெண்டா எடுத்துக்கோங்க" என்றேன். "ஒண்ணு ஓடயில ஒண்ணு ஏறிக்கிட்டு இருக்கும். கையும் வலிக்காது."

பாய் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, நீ பேசுவியா?"

"அப்ப சின்னதுலயே ரெண்டு" என்றார் அண்ணாச்சி. இரண்டு கோடை தாண்டி நின்ற முடிவு ஒரு நிமிஷத்தில் முடிந்துபோனது. எனக்கு என் வாய்மேலேயே கோபம் வந்தது.

சார்ஜர் மட்டும் பாக்கி. இரண்டு வகை இருந்தது. ஒன்று அரை மணி நேரத்தில் ஏற்றிவிடும். மற்றது இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இதற்கு இன்னும் இரண்டு கோடை ஆகும் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல் வந்தது.

"யோசிக்கவே வேணாம். வேகமா ஏறுறதை எடு. டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள பச்சை லைட் விழுந்துரும்" என்றார் பாய்.

"மெதுவா ஏறுறதே குடுங்க."

நானும் பாயும் ஒன்றாக நிமிர்ந்தோம். யோசிக்காமல் அவர் ஒன்றைச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

"ஏம்பா?"

"எங்க ஊருல கரண்ட் இல்லாத அன்னைக்கு இங்க வந்துதான ஏத்தணும்."

"ரெண்டு பேட்டரி வச்சிருக்க. முந்தின நாளே ஏத்தி வச்சுக்க வேண்டியதுதான?"

"மறந்துருவேன்."

"சரி, வந்து ஏத்துறதும் வேகமா ஏறுனா நல்லதுதான?"

அண்ணாச்சி சார்ஜர் பெட்டியின் மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "அரை மணி நேரத்துல ஏறிட்டா, பொறவு எந்திரிச்சுப் போகணும்ல."

பாய் என்னைப் பார்த்தார். நான் கால்குலேட்டரைப் பார்த்தேன். அதில் ஏழு ஏழாக எதையோ அமுக்கி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு நாள் என் மேஜைக்குப் பக்கத்துப் பிளக்கில் அந்த சார்ஜர் மாட்டியிருக்கும். சிவப்பு விளக்கு எரிகிறவரை அவர் ஸ்டூலில் இருப்பார். பெரிதாக என்ன பேசிவிட்டோம்? எந்த வீட்டு ஜன்னல் கோணல், எந்த வீட்டில் சட்னி நன்றாக இருந்தது, பிளவக்கல் அணையில் தண்ணீர் வந்துவிட்டதா, இவ்வளவுதான். கூட்டத்தில் ஒட்டிக்கொள்கிற என் நாக்கு அந்த விளக்குக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளாது. அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. பச்சை விளக்கு விழுந்தால் ஊர் உலகத்துக்கெல்லாம் சந்தோஷம். எனக்கு மட்டும் அது பிடிக்காது.

ஒரு மாதம் இரண்டு ஊரிலும் ஒரே நாளில் மின்தடை வந்தது. பேப்பரில் பார்த்தேன். இனி அடுத்த மாதம்தான் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இருட்டுக் கடையில் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தபோது பையோடு வந்து நின்றார்.

"இங்கயும் இல்லையா?" என்றார்.

"பேப்பர்ல போட்டிருந்தானே, நீ பார்க்கலையா?" என்றார் பாய்.

மின்தடை அறிவிப்பை வேதம் மாதிரிப் படிக்கிற மனிதர், "கவனிக்கல" என்றார். "எப்ப வரும்?"

"சாயங்காலம் ஆகும்."

"பரவால்ல. இருக்கேன்."

இருந்தார். ஓடாத சார்ஜரில் பேட்டரியைச் சொருகி வைத்துவிட்டு, சாயங்காலம் வரை இருந்தார். நான் அவருக்கும் சேர்த்து விசிறினேன். அன்றைக்குக் கரண்ட் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

போன வருஷம் ஓசூரிலிருந்து அவருடைய அண்ணன் மகன் கூப்பிட்டான். அங்கே பெரிய பெரிய அடுக்குமாடி, எல்லாம் ஜன்னல், எல்லாவற்றுக்கும் கொசுவலை. போகாமல் முடியாது. போவதற்கு முன்னால் கடைக்கு வந்து மெஷினையும் ஒரு பேட்டரியையும் மட்டும் பையில் வைத்துக்கொண்டார். வேகமாக ஏறும் சார்ஜர் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

"அங்க நின்னு நிதானமா ஏத்த ஆளு கிடையாது" என்றார். பழைய சார்ஜரையும் இன்னொரு பேட்டரியையும் என் மேஜையில் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும் மேடம். சும்மா கிடக்கிற பேட்டரியை முழுசா ஏத்தியும் வைக்கக் கூடாது, முழுசா இறங்கவும் விடக் கூடாது. பாதியில இருந்தாத்தான் ரொம்ப நாளைக்கு நிக்கும்."

நான் தலையாட்டினேன்.

அந்தப் பேட்டரியில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் எத்தனை விளக்கு எரிகிறதோ அவ்வளவு சார்ஜ். நான்கு எரிந்தால் முழுசு. இரண்டு எரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். ஒன்றாகக் குறைந்தால் கொஞ்ச நேரம் போட்டு எடுத்துவிடுவேன். பிளக் இடத்தை அடைக்கிறது என்று பாய் ஒரு நாள் சார்ஜரைக் கழற்றப் போனார். என்ன நினைத்தாரோ, தூசியைத் துடைத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்.

மாதத்துக்கு ஒரு தடவை கடை போனுக்குக் கூப்பிடுவார். பாயிடம் சுகம் விசாரிப்பார். பிறகு போன் என்னிடம் வரும்.

"எத்தனை லைட் எரியுது மேடம்?"

"ரெண்டு."

"சரி. ரெண்டே இருக்கட்டும்."

பேச்சு அவ்வளவுதான். எல்லா மாதமும் அதேதான். போன வாரம் கூப்பிட்டபோதும் அதைத்தான் கேட்டார். ரெண்டு என்றேன். சரி என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எத்தனை மாசத்துக்குத்தான் பாதியிலயே வைக்க? வந்து முழுசா ஏத்திக்கிட்டுப் போங்க."

அவருக்குப் பின்னால் யார் வீட்டு ஜன்னலிலோ மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"எங்க ஊருல என்னைக்குக் கரண்ட் இல்ல?"

பேப்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமை என்று சொன்னேன்.