மகாராணி முரண்டு பிடித்த காலை

லாரிக்காரர் சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடியும் திருப்பினார். ஒரு 'டக்' சத்தம்கூட இல்லை.

"மகாராணி, விளையாடாதே" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

மகாராணி என்பது லாரியின் பெயர். வயது முப்பது. நேற்று மாலை வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டி. பதினோரு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு அறுபது பெஞ்சு ஏற்ற வேண்டும். புதுப் புரோக்கர் கொடுத்த முதல் லோடு. "லேட்டானா வேற வண்டி. அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேணாம்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். இப்போது மணி ஒன்பது.

"என் தம்பியக் கூப்பிடவா?" என்று வாசலில் நின்றபடி கேட்டாள் மனைவி.

"அவனைத் தவிர யாரை வேணும்னாலும் கூப்பிடு."

அவள் தம்பி பேர்போன ஆட்டோ எலக்ட்ரீஷியன். கடை மூன்று தெரு தள்ளி. மூன்று வருடத்துக்கு முன்னால், மகாராணியின் அடியில் படுத்துக்கொண்டே அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான்: "மாமா, இதை எடைக்குப் போட்டா ரெண்டு நல்ல அண்டா வாங்கலாம்." இவர், "இனி என் வண்டியத் தொட்டே, கை இருக்காது" என்றார். அவன் தன் ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டு போனவன்தான். ஞாயிறு தவறாமல் இருவரும் விளையாடிய கேரம் போர்டு அன்றிலிருந்து பீரோவுக்குப் பின்னால் தூங்குகிறது. அவன் இல்லாமல் இவருக்கு ஞாயிற்றுக்கிழமை நகரவே மாட்டேன் என்கிறது. ஆனால் அதை வெளியே சொல்லிவிடுவாரா? மனுஷனுக்கு உடம்பெல்லாம் வீம்பு.

ஹெட்லைட்டைப் போட்டார். பளிச்சென்று எரிந்தது. பேட்டரியில் குற்றமில்லை. ஆனாலும் பேட்டரி முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். முனைகள் மினுங்கின. மகாராணி வாயே திறக்கவில்லை.

"ஸ்டார்ட்டரைத்தான் பார்க்கணும்" என்று அடியில் தவழ்ந்தார். ஸ்டார்ட்டரின் தலையில் சேறு படாமலிருக்க மச்சினன் அந்தக் காலத்தில் ஒரு தகர மூடி போட்டிருந்தான். அதைக் கழற்றப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். அது அவனோடு போய்விட்டது.

எதிரே சைக்கிள் கடை. கடைக்காரர் டியூப்பில் பஞ்சர் தேடிக்கொண்டிருந்தார்.

"பத்தாம் நம்பர் இருக்கா?"

"இருக்கு, ஆனா இல்ல. காலையிலயே வெளிய போயிருக்கு. வந்ததும் தரேன்."

"நல்லாப் போச்சு!"

அடியில் வழி இல்லை என்றதும் மேலே கை வைத்தார். சாவி போடும் ஸ்விட்சைக் கழற்றினார். பின்னாலிருந்து ஒயர்கள் கொத்தாகச் சரிந்தன. எது எங்கிருந்தது என்று குறித்துக்கொள்ள நினைத்தார். நினைத்ததோடு சரி. எல்லாவற்றையும் சுரண்டி, முறுக்கி, குத்துமதிப்பாகச் செருகிச் சாவியைத் திருப்பினார்.

வைப்பர் ஆடியது.

"மழை வருதா?" என்றாள் மனைவி.

"நீ உள்ள போ!"

இரண்டு ஒயர்களை இடம் மாற்றினார். இப்போது ஹார்ன் அடித்தது. சும்மா அடிக்கவில்லை, அலறியது. சாவியை எடுத்தார். நிற்கவில்லை. ஸ்விட்சை ஒரு குத்து குத்தினார். கூட ஹெட்லைட்டும் எரிந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் புரோக்கர் போன்.

"என்னய்யா சத்தம்? கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டே இருக்கேன்! டிராஃபிக்கு! வழி விடமாட்டேங்கிறாங்க!" என்று ஹார்னுக்கு மேல் கத்தினார்.

தெருமுனையில் ஒரு ஆள் செருப்பில்லாமல் ஓடி வந்தான். மச்சினன். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா! ஆக்சிடென்ட்டா? மாமாவுக்கு ஒண்ணும் இல்லையே? நான் மாட்டின ஹார்னு, எங்க அலறினாலும் எனக்குத் தெரியும்!"

லாரிக்காரர் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது. பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். ஹார்ன் அடங்கியது. லாரிக்காரர் அவன் வெறுங்காலைப் பார்த்தார். செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்திருக்கிறானே பாவி!

"வந்தவரை உக்காரச் சொல்லு" என்று மனைவியிடம் சொன்னார்.

"உக்கார நேரமில்ல, கடையில வேலை கிடக்குன்னு சொல்லுக்கா. இந்த ஒயரை எல்லாம் யாரு பின்னினாங்கன்னு கேளு."

"பின்னினவருக்கு பதினோரு மணிக்கு லோடுன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் ஒயர்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி.

மச்சினன் கடைக்கு ஓடிப் பையோடு திரும்பினான். பத்தே நிமிடத்தில் ஒயர்களைப் பழைய இடத்தில் சேர்த்து, பேட்டரியையும் மாட்டினான். பிறகு கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப்பை எடுத்து அக்காவிடம் நீட்டினான். அவள் ஒரு முனையை இரும்பில் கவ்வ வைத்து, மறு முனையைச் சரியான ஒயரில் வைத்தாள். சின்ன வயதில் அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் தம்பிக்கும் முன்பே லேம்ப் பிடித்தவள் அவள்தான்.

"சாவியத் திருப்பச் சொல்லுக்கா."

"திருப்பியாச்சுன்னு சொல்லு."

லேம்ப் எரிந்தது. சாவி வரை கரண்ட் வருகிறது. அங்கிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் மெல்லிய ஒயரில்தான் கோளாறு. மச்சினன் அடியில் புகுந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் தகர மூடியைக் கழற்றினான்.

"அட! ஒயர் தனியாக் கழண்டு கிடக்கு!"

லாரிக்காரரும் பாய்ந்து அடியில் புகுந்தார். "பார்த்தியா! உன் வேலை லட்சணம்!"

"என் வேலையா? மூணு வருஷம் கழண்டுச்சா? நீங்க கைய வச்சிருப்பீங்க!"

"நானா? மூடியத் திறக்க எங்கிட்ட ஸ்பேனர் ஏது? நீதான் தூக்கிட்டுப் போயிட்டியே!"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் மாமா! ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ வந்திருந்தா கேட்டிருப்பேன்டா!"

நடுவில் ஒயர் இல்லாமலே பேசிவிட்டோம் என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. வெளியே நான்கு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரோடு அப்படி மாப்ள" என்று இறங்கி வந்தார் லாரிக்காரர். "அந்தக் குலுக்கலுக்குப் பல்லே கழண்டுடும். ஒயர் எம்மாத்திரம்?"

"இருக்கும் மாமா. எடைக்குப் போடணும்னு சொன்னது தப்புதான். முப்பது வருஷத்து ஒயரிங், எங்கயும் ஒரு பொசுங்கல் இல்ல. மகாராணிதான்!"

ஒயரை முடுக்கினான். லாரிக்காரர் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

மகாராணி ஒரு தரம் உதறி, கர்ஜித்தாள். கண்ணாடிகள் அதிர்ந்தன. தெருவே கைதட்டியது. லாரிக்காரர் கதவைத் திறந்துகொண்டு எழுந்து நின்று, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கினார்.

மணி பத்தரை.

"ஏறுடா மாப்ள! பெஞ்சு ஏத்திட்டு வந்துடலாம்!"

"கடையில வேலை மாமா..."

"கிடக்கட்டும்! சாயங்காலம் வந்து கேரம். நீ எங்கிட்டத் தோத்து மூணு வருஷமாச்சு!"

"யாரு, நானா?" என்று அவன் தாவி ஏறினான். ஹார்னை ஒருமுறை ஆசை தீர அடித்துவிட்டு மகாராணி தெருவைத் தாண்டினாள். உள்ளே இருவரும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டு போவது முனை திரும்பும் வரை கேட்டது.

மனைவி உள்ளே போய்ப் பீரோவுக்குப் பின்னாலிருந்த கேரம் போர்டை இழுத்து, மூன்று வருடத்துத் தூசியைத் தட்டினாள். கண் கலங்கியது. யாராவது கேட்டால் தூசிதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வாசலில் நிழலாடியது. சைக்கிள் கடைக்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி நின்றார்.

"ஏன்க்கா, விடியக்காலையில வாங்கிட்டுப் போனீங்களே, அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர்... உங்க வேலை முடிஞ்சுதுன்னா குடுங்களேன்."