வரம்பை எட்டாத வெர்னா ஸ்டக்கி

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை விளையாட்டுகள் மீது பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது குற்றமாக இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அது பொதுநலத் தொண்டு ஆனது. நடுவில் வந்த சனியும் ஞாயிறும் அரசு விடுமுறை. அந்த இரண்டு நாளும் பந்தயம் குற்றமா, தொண்டா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பிக்கெட்ஃபோர்டு ஊரார் தெரிந்துகொள்ளக் காத்திருக்கவும் இல்லை.

நல்ல சட்டம்தான். மக்கள் தோற்கும் பணத்தில் மாநிலத்துக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கில் பள்ளிக்கூடங்களுக்குப் புதுக் கூரை. மக்கள் அளவுக்கு மீறித் தோற்றுவிடக் கூடாதே என்று கவலைப்பட, தலைநகரில் ஆட்டக்காரர் பாதுகாப்பு வாரியம் திறந்தார்கள். மக்கள் போதிய அளவு தோற்கிறார்களா என்று கவலைப்பட, அதே கட்டடத்தின் மேல்மாடியில் வருவாய்ப் பிரிவு திறந்தார்கள். இரண்டுக்கும் லிஃப்ட் ஒன்றுதான்.

பிக்கெட்ஃபோர்டில் வெர்னா ஸ்டக்கி என்று ஒரு பெண்மணி. இருபத்திரண்டு ஆண்டுகள் கல்லூரிக் கைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக விசில் ஊதியவர். முழங்கால் இனி முடியாது என்றதும் வீட்டில் உட்கார்ந்தார். ஓய்வூதியம் மாதத்தில் பாதி நாளுக்குத்தான் வந்தது. மீதிப் பாதிக்கு அவர் பந்தயம் கட்டினார்.

கால்பந்தில் ஜெயித்தால் எத்தனைக்கு எத்தனை என்று விகிதம் கணக்கிடப் பந்தய நிறுவனத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பெண்கள் கைப்பந்துக்கு ஒரே ஒருவர், அதுவும் அவருடைய சாப்பாட்டு இடைவேளையில். வெர்னாவோ எந்தப் பெண்ணின் கணுக்காலில் புதிதாகக் கட்டு இருக்கிறது, எந்த அணி ஏழு மணி நேரம் பஸ்ஸில் தூங்கி வழிந்து வந்திருக்கிறது என்றெல்லாம் கவனித்துவிட்டு, வாரத்துக்கு மூன்று பந்தயம் கட்டுவார். மூன்றில் இரண்டு ஜெயிக்கும். வருமான வரிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'பந்தயம்' என்றே எழுதினார். மூன்று ஆண்டுகள் இப்படியே நிம்மதியாகப் போயின.

பிறகு ஒரு கடிதம் வந்தது.

'அன்புடையீர், தங்களின் திறமை எங்கள் நிறுவனத்தால் தாங்க இயலாத நிலையை எட்டியுள்ளபடியால், தங்களுக்கான உச்சவரம்பு இனி பந்தயம் ஒன்றுக்கு ஒரு டாலர் நாற்பது சென்ட் என நிர்ணயிக்கப்படுகிறது. விளையாட்டைத் தொடர்ந்து மகிழ்ந்து அனுபவியுங்கள்.'

டாட்டியின் உணவகத்தில் ஒரு கோப்பை காப்பி அதைவிட விலை அதிகம். வெர்னா அந்தக் காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டயர் கடை டுவேன் ஹோபார்ட் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன வெர்னா, மூஞ்சி பஞ்சரான டயர் மாதிரி இருக்கு?"

"கம்பெனிக்காரன் என் பிழைப்பை முடிச்சிட்டான், டுவேன்."

"சேச்சே! தங்கமானவங்கப்பா அவங்க. அஞ்சு வருஷத்துல எனக்கு நாலு ஜாக்கெட் குடுத்திருக்காங்க. கறி சுடற அடுப்பு ஒண்ணு. என் பொறந்த நாளைக்குச் சொந்தத் தம்பியே போன் பண்ணல. கம்பெனியிலேர்ந்து கேய்லின்னு ஒரு பொண்ணு பண்ணி, 'முதுகுவலி எப்படியிருக்கு சார்'னு கேட்டா."

"நீ தோக்கறே. அதான் கேக்கறா."

"தோக்கறேனா? நூலிழையில தவறுது!" என்றபடி டுவேன் கடிதத்தை வாங்கிப் படித்தார். சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். பாதியில் மூடிக்கொண்டார். "தாங்க இயலாத திறமை... இதை இவங்களே எழுதிக் குடுத்தாங்களா?"

"ஆமா."

"அஞ்சு வருஷமா ராப்பகலா உழைக்கிறேன். எனக்கு எவனும் இப்படி ஒரு வார்த்தை எழுதலியே!"

மறுநாள் டுவேனின் வண்டியிலேயே இருவரும் தலைநகருக்குப் போனார்கள். பாதுகாப்பு வாரியத்தில் லைல் பென்ரோஸ் என்ற அதிகாரி கனிவே உருவாக உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் கண்ணீர் துடைக்கும் காகிதம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது.

"எவ்வளவு தோத்தீங்க மேடம்?"

"தோக்கல சார்."

"கூச்சப்படாதீங்க. தோராயமா சொன்னாப் போதும்."

"நெஜமாவே தோக்கல. ஜெயிச்சேன். அதுக்காக என்னைத் தடுத்துட்டாங்க."

பென்ரோஸ் பேனாவைக் கீழே வைத்தார். "நாலாம் பிரிவுப்படி, பாதிக்கப்பட்டவர்னா தோத்தவர். நீங்க பாதிக்கப்படலியே?"

"ஜெயிக்க விடலியே, அது பாதிப்பு இல்லியா?"

"ஜெயிக்கறதுலேர்ந்து உங்களைப் பாதுகாத்திருக்காங்க மேடம். பாதுகாப்பை எதிர்த்துப் பாதுகாப்பு வாரியத்துல எப்படிப் புகார் வாங்கறது?"

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒரு ஆறு வாரம் தோத்துட்டு வாங்க. உடனே எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு, மனசாரத் தோக்கணும். வேணும்னே தோத்தா அது மோசடி, நாப்பத்தோராம் பிரிவு."

பக்கத்து நாற்காலியிலிருந்த டுவேன் தொண்டையைக் கனைத்தார். "சார், நான் மனசாரத்தான் தோத்திருக்கேன். அஞ்சு வருஷம்."

பென்ரோஸின் முகம் மலர்ந்தது. நாலாம் பிரிவின் எல்லா உட்பிரிவுகளுக்கும் பொருந்தும் ஒரு மனிதரை அவர் அதுவரை பார்த்ததில்லை. "சொல்லுங்க சார், என்ன குறை?"

"எனக்கு வரம்பே குடுக்கல. இவங்களுக்குக் குடுத்தாங்க. இவங்க பணமும் பணம், என் பணமும் பணம்தானே?"

"பாரபட்சம்!" என்றார் பென்ரோஸ். தனிச் சிவப்புக் கோப்பு ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார்.

பதினோரு வாரம் கழித்து ஆணை வந்தது. மேற்படி ஹோபார்ட் அவர்களின் புகார் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. இனி வரம்பு விஷயத்தில் ஆட்டக்காரருக்குள் எவ்வித வேறுபாடும் காட்டலாகாது. ஒருவருக்கு வரம்பு உண்டெனில் அனைவருக்கும் உண்டு. அதுவும் ஒரே வரம்பு.

நிறுவனத்தார் எல்லாருக்கும் ஒரு டாலர் நாற்பது என்று வைத்திருக்கலாம். ஆனால் அப்படி வைத்தால் பள்ளிக்கூடங்களுக்குக் கூரை வராது என்று மேல்மாடியிலிருந்து ஒருவர் லிஃப்டில் இறங்கி வந்து சொன்னார். ஆகவே நன்றாக யோசித்து, எல்லாருக்கும் பந்தயம் ஒன்றுக்கு ஐந்நூறு டாலர் என்று வைத்தார்கள். வெர்னாவுக்கும் ஐந்நூறுதான். ஆணை ஆணைதானே! ஊர் முழுவதும் வீடு வீடாகக் கடிதம் வந்தது. 'தங்களின் திறமை எங்களால் தாங்க இயலாத நிலையை எட்டியுள்ளபடியால்...' என்று தங்க நிற எழுத்தில் அச்சடித்திருந்தது.

அதுவரை பிக்கெட்ஃபோர்டில் பத்து டாலர் வைத்துத் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். ஐந்நூறு வரை வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. இப்போது எல்லை என்று ஒன்றைக் காட்டிவிட்டார்கள். காட்டிய பிறகு அதைத் தொடாமல் திரும்பினால் ஆண்பிள்ளைக்கு என்ன மரியாதை? பெண்பிள்ளைக்கும்தான் என்ன மரியாதை? டாட்டியின் உணவகச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட கடிதங்கள் வரிசையாக ஏறின.

"தொட்டியா டுவேன்?" என்று டாட்டி காப்பி ஊற்றிக்கொண்டே கேட்பாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள ரெண்டு தடவை!"

"ஜெயிச்சியா?"

"அது வேற விஷயம்."

வெர்னா இதில் எதிலும் சேரவில்லை. பழையபடி கணுக்கால்களைப் பார்த்தார், பஸ் நேரத்தைப் பார்த்தார், வாரம் மூன்று பந்தயம் கட்டினார். முந்நூறு டாலருக்கு மேல் அவர் கை நீளவில்லை. மாதத்தின் மறுபாதிக்கு மீண்டும் வழி பிறந்தது.

தன் வெற்றியால் ஊக்கம் பெற்ற வாரியம் சும்மா இருக்கவில்லை. முடி வெட்ட உரிமம் வேண்டும், நகம் வெட்ட உரிமம் வேண்டும். பந்தயம் கட்டுகிறவர் மட்டும் கேட்பாரற்று இருக்கலாமா? தொழில்முறை ஆட்டக்காரர் உரிமம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உச்சவரம்பைப் பன்னிரண்டு முறை தொட்டவருக்கு உரிமம். உரிமம் இல்லாமல் பந்தயத்தைத் தொழிலென்று எழுதுவோரின் கணக்கு மூடப்படும். பிக்கெட்ஃபோர்டில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு பேர் முதல் மாதமே உரிமம் பெற்றார்கள். டுவேனுடையது முதலாம் எண்.

வெர்னாவின் விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் மறுபடியும் பென்ரோஸின் முன்னால் போய் நின்றார்.

"தொழில்னு எழுதியிருக்கீங்க," என்றார் பென்ரோஸ், வருத்தத்துடன். "ஆனா ஒரு தடவைகூட வரம்பைத் தொடலியே மேடம். உங்க ஊர் ஹோபார்டைப் பாருங்க, அறுபத்தெட்டு தடவை!"

"தொடாம இருக்கறதுதான் சார் தொழில்."

"ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க." அவர் இன்னொரு படிவத்தை எடுத்தார். "மனசை விடாதீங்க. உரிமம் வாங்கின ஒருத்தர்கிட்ட பயிற்சி மாணவியா சேர்ந்துடுங்க. வாராவாரம் அவர் ஒரு அறிக்கை எழுதி அனுப்பணும். பயிற்சி முடியற வரைக்கும் உங்க கணக்குல கம்பெனி கைவைக்க முடியாது. வரம்பைக் குறைக்கவும் முடியாது."

வெர்னா அந்த விதியை இரண்டு முறை படித்தார். "பயிற்சி எப்ப சார் முடியும்?"

"நீங்க தேறினதும்."

"தேறலன்னா?"

"நீட்டிப்போம். வாரியம் யாரையும் பாதியில கைவிடாது மேடம்."

வெர்னா அங்கேயே, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

இப்போது பிக்கெட்ஃபோர்டில் உரிமம் இல்லாத பந்தயக்காரர் அவர் ஒருவர்தான். ஊரே அவருக்காக இரக்கப்படுகிறது. "பாவம், இத்தனை வருஷம் முயற்சி பண்ணியும் அவளுக்கு இது ஒத்துவரல," என்று டாட்டி சொல்கிறாள். கடையில் பாதியை மச்சானுக்கு விற்றுவிட்டு முழுநேரத் தொழிலில் இறங்கியிருக்கும் டுவேன், தன் வேலைகளுக்கு நடுவிலும் வெள்ளிக்கிழமைதோறும் வெர்னாவுக்குப் பாடம் எடுக்கிறார். வெர்னாவும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்கிறார். பிறகு டுவேன் பெருமூச்சு விட்டு, வாரியத்துக்கு அறிக்கை எழுதுகிறார். பென்ரோஸ் அதில் முத்திரை குத்தி, பயிற்சியை நீட்டித்து அனுப்புகிறார்.

சென்ற வார அறிக்கை இது: 'மாணவி ஒழுங்காக வருகிறார். பணிவு உண்டு. முன்னேற்றம் மட்டும் இல்லை. எவ்வளவு சொல்லியும், ஜெயிக்கும் பழக்கத்தை விட மாட்டேன் என்கிறார்.'