ஓடிப் பிடித்த ட்ரவுட்

மலைமேலே தேயிலைக் காட்டில் குளுகுளுவென்று இருக்கும் சம்பந்தி முத்துக்கருப்பன் அவர்களுக்கு, ஆமத்தூர் தங்கச்சாமி கைகூப்பி வணக்கம் சொல்லி எழுதச் சொன்னது. இங்கே நானும் வீட்டுக்காரி பஞ்சம்மாளும் நலம், ஆடுகளும் நலம். அங்கே என் மகள் செல்வலட்சுமி, மாப்பிள்ளை, பேத்தி பிரீத்திகா, உங்கள் முழங்கால் வலி, எல்லாருடைய நலத்தையும் அறிய ஆவல். போனில் பேசலாம்தான். பேசினால் நடுவில் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். எனக்கு எழுதத் தெரியாது என்பதால், நான் சொல்லச் சொல்ல மருமகள் சொர்ணலட்சுமி எழுதுகிறாள். தாள், அவள் வேலை பார்க்கும் சிவகாசி அச்சாபீசில் கழித்துப்போட்ட காலண்டர்த் தாள். மறுபக்கம் முருகன் இருக்கிறார். ஆகவே கோபத்தில் கிழித்துவிட வேண்டாம்.

போன சித்திரையில் உங்கள் வீட்டுப் பந்தியில் நீங்கள் சொன்னது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. பச்சைத் துண்டு போட்டிருந்தீர்கள், ரெண்டாம் தடவை ரசம் வாங்கினீர்கள், இடது மீசையில் ஒரு கடுகு ஒட்டியிருந்தது. "இந்தத் தீபாவளிக்காவது மகளையும் பேத்தியையும் கூட்டியாங்க சம்பந்தி, தலைத்தீபாவளிக்கு வந்ததோட சரி" என்று கேட்டேன். "ஒங்க ஊரு வெடிச் சத்தத்துக்குப் புள்ள காது என்னத்துக்காகும்?" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? "எங்க ஆத்துல ஒரே ஒரு ட்ரவுட் மீனு புடிச்சுக் காட்டுங்க, குடும்பத்தோட கீழ எறங்கி வந்து ஒங்க வீட்லயே தீபாவளி கும்பிடுறேன். கண்மாயில கெண்டை அள்ளுற மாதிரி கூடையப் போடப்புடாது. வெள்ளக்காரன் புடிச்ச மாதிரி, எறகுல கட்டுன பொய் ஈய வீசிப் புடிக்கணும். தூண்டிக் கம்பு வேணா மாப்பிள்ளைகிட்ட வாங்கிக்கங்க. நூலு சுத்துற ரீலு சொந்தமா வாங்கணும், என் ரீலத் தொடப்புடாது!" பந்தியே சிரித்தது. என் மகள் மட்டும் சிரிக்காமல் என் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தாள். அந்த அப்பளத்துக்காகத்தான் சம்பந்தி இத்தனை பாடும்.

மாப்பிள்ளை கொடுத்த கம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர், "என்ன பெருசு, கொடிக்கம்பா? எந்தக் கட்சி?" என்றார். "இன்னும் ஆரம்பிக்கல" என்றேன். கடையில் ஒரு தம்பி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ரீல்களை எடுத்து வைத்தான். நீங்கள் போனில் என்ன யோசனை சொன்னீர்கள்? "நல்லாக் கனமாப் பாத்து வாங்குங்க சம்பந்தி, அப்பத்தான் தாங்கும்." கனமான ஒன்றைக் கம்பில் மாட்டி, பிடிக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்து நிறுத்திப் பார்த்தேன். மூட்டை ஏற்றிய தராசுத் தட்டு மாதிரி ரீல் பக்கம் தொங்கிவிட்டது. தம்பி சிரித்தான். "ஐயா, இதுல ஈக்கும் கனமில்ல, கம்புக்கும் கனமில்ல, வீசுற கனம் பூரா அந்தத் தடிச்ச நூல்லதான் இருக்கு. ரீலு நூலச் சுத்தி வச்சுக்கிற சாமான், அம்புட்டுத்தான். ட்ரவுட் என்ன திமிங்கிலமா? நாள் பூரா வீசப்போறீங்க, லேசா எடுங்க." உங்கள் யோசனை எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பரவாயில்லை, மன்னித்துவிட்டேன்.

ரெண்டாவது ரீல் சத்தமே இல்லாமல் சுற்றியது. மனசுக்குப் பிடித்துவிட்டது, ஆனால் அதுவும் கனம்தான். மூன்றாவது, ஓட்டை ஓட்டையாகக் குடைந்த அலுமினியம். உள்ளங்கையில் வைத்தால் ஒரு மத்தாப்புப் பெட்டி அளவுகூடக் கனமில்லை. முகர்ந்து பார்த்தேன், நகத்தால் சுரண்டினேன். "என்னய்யா பாக்குறீங்க?" "பொறி பறக்குமான்னு." நான் பட்டாசு செய்த வெடி ஆபீசில் இரும்பை உள்ளே விட மாட்டோம், பொறி பறந்தால் மருந்து பற்றிவிடும், அந்தப் பழக்கம். தம்பி, "இதையும் கேளுங்க" என்று நூல் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். கிர்ர்ர்ர்!

சம்பந்தி, அதற்கப்புறம் நான் கடையில் இல்லை. எதிர்ச்சாரிப் பரோட்டாக் கடை வாசலில் நின்றேன். நடுவில் இருந்த ரோட்டைக் கடந்த விதம் எனக்கே தெரியாது. எங்கள் வெடி ரூமுக்கு நாலு பக்கமும் வாசல். மருந்துப் பக்கம் உஸ் என்றோ கிர் என்றோ ஒன்று கேட்டால், என்ன ஏது என்று பார்க்கக் கூடாது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடணும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே போர்மேன் ஆண்டிச்சாமி, "ஏலே, மொதல்ல காலு போகணும், பெறகுதான் புத்தி போகணும்" என்று சொல்லி, சும்மா கிடந்த தகரத்தைக் கீறி எங்களை ஓடவிட்டுப் பழக்கினார். வேலையை விட்டாலும் கால் அதை விடவில்லை. தம்பி வந்து கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திக் கூட்டிப்போனான். "ஐயா, மீனு இழுத்தா இப்பிடித்தான் கத்தும். சத்தம் வேணாம்னா அந்தக் கனமானத எடுத்துக்கங்க." கனமா, சத்தமா? நின்று யோசித்தேன். சத்தம் வந்தால் எப்படியும் ஓடப்போகிறோம். ஓடுகிறவனுக்குக் கையில் கனம் எதற்கு? லேசானதையே கட்டச் சொன்னேன்.

பிறகு ஊரில், வறண்ட கண்மாய்க்குள் நின்று வீசிப் பழகினேன். "தண்ணியில்லாத கண்மாயில வெடிக்காரரு மீன் புடிக்காருடோய்!" என்று வெடி ஆபீஸ் வேன் ஏறப் போகிறவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். கருவேல மரம் மாட்டியது. எங்கள் வெள்ளாடு ஒன்று மாட்டியது. நான் விடவில்லை.

பிறகு நான் மலையேறி வந்து, உங்கள் ஆற்றங்கரையில் நடந்ததை உங்களுக்கு லட்சுமிகாந்தம் சொன்னது பாதிதான். முழங்காலைக் காரணம் சொல்லி நீங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, ஆற்றுக் காவல்காரரான அவரைச் சாட்சிக்கு அனுப்பினீர்கள். விடிந்ததிலிருந்து வீசினேன். தேயிலைச் செடி வந்தது, அவர் சட்டைக் காலர் வந்தது, மீன் வரவில்லை. "போதும் பெரியவரே, வாங்க, கஞ்சி குடிப்போம்" என்றார். கடைசியாக ஒன்று என்று வீசினேன். ஈ ஒரு பாறையோரம் இறகு மாதிரி இறங்கியது. தண்ணீர் வாயைத் திறந்தது. கிர்ர்ர்ர்!

ஓடினேன். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவதுதான் முறை. ஆனால் அது லேசு ரீல் சம்பந்தி! கையில் இருப்பதே தெரியவில்லை. போட மறந்து ஓடினேன். ஓட ஓடக் கத்தியது, கத்தக் கத்த ஓடினேன். பயத்தில் கையை இறுக்கியதில் கம்போடு நூலும் கைக்குள் சேர்ந்து இறுகி, சத்தம் நின்றது, கால் நிற்கவில்லை. பின்னால் லட்சுமிகாந்தம், "பெரியவரே நில்லுங்க! பின்னாலயே வருது! பின்னாலயே வருது!" என்று கத்துகிறார். பின்னாலேயே வருகிறது என்றால் எவன் நிற்பான்? மேட்டில் ஏறித் தேயிலைக்குள் புகுந்தேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் எனக்கு வழிவிட்டு, என் பின்னால் வந்ததற்கும் வழிவிட்டார்கள். மூச்சு முட்டி நின்று திரும்பினால், விலாவில் ரோஸ் கோடு போட்டுக்கொண்டு புல்லில் துள்ளுகிறது ட்ரவுட்! முழங்கை நீளம். லட்சுமிகாந்தம் உள்ளங்கை நீளம் என்பார். அவர் உங்கள் ஆள்.

"அது புடிச்சதில்ல, இழுத்துக்கிட்டு ஓடுனது. ரீல்ல ஒரு சுத்துகூடச் சுத்தல. செல்லாது!" என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னபோது, அந்த மீனின் வால் துண்டு உங்கள் வாயில் இருந்தது. என் மகள் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்து, "முள்ளுப் பாத்து முளுங்குங்க மாமா, அது எங்கப்பா புடிச்ச மீனு" என்றாளே, அதுதான் சரியான தீர்ப்பு. கூடை போடவில்லை. ஈயை வீசினேன். ரீல் சொந்த ரீல். நின்றுதான் பிடிக்கணும் என்று பந்தியில் ஒரு வார்த்தை சொன்னீர்களா? சொல்லவில்லை. மீசைக் கடுகு வரைக்கும் ஞாபகம் இருக்கிறவன் சொல்கிறேன், சொல்லவில்லை.

ஆகவே ஜெயித்தது நான். மூட்டையைக் கட்டுங்கள். வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று, பஞ்சம்மாள் அதிரசத்துக்கு அரிசி பார்த்துவிட்டாள். ஆமத்தூர் முழுக்கச் சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது. பேத்திக்கு என் முத்தம், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம், உங்கள் முழங்காலுக்கு முருகன் துணை.

இப்படிக்கு,
ஜெயித்த சம்பந்தி தங்கச்சாமி (கைநாட்டு)

பின்குறிப்பு: சொர்ணலட்சுமி இதைத் திரும்ப வாசித்துக் காட்டியபோது பஞ்சம்மாள் அடுப்படியிலிருந்து வந்து, "ஏங்க, வரச் சொல்லி எளுதுறீகளே, தீபாவளியன்னிக்கு மொத வெடிக்கே நீங்க கண்மாயத் தாண்டி ஓடிப் போயிருவீக. வருசா வருசம் பொளுது சாஞ்சுதான் வாறீக. வந்தவுகள யாரு கவனிக்கிறது?" என்று கேட்டாள். அவள் சொல்வதும் சரிதான். ஆகையால் நீங்கள் வர வேண்டாம். நாங்களே அதிரசத்தோடு அங்கே வருகிறோம். உங்கள் ரீலைத் தொட மாட்டேன், என் ரீலைக் கொண்டுவருகிறேன். ஆற்றிலிருந்து தேயிலைக்கு நான் ஓடுகிற மேட்டில் கல் கிடக்கிறது. அதை மட்டும் எடுத்துப் போட்டுவைக்கவும்.