எண்ணூறு மீட்டரும் ஒரு நெஞ்சுவலியும்

கருவடிக்குப்பம்,
வியாழன் மாலை.

காரைக்காலில் இருக்கும், என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா ரோசா அவர்களுக்குத் தம்பி லூயிஸ் டெய்லர் பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு அனைவரும் நலம், என் ரத்த அழுத்தம் நீங்கலாக. அங்கு உன் முழங்காலும் மச்சானுடைய கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பார்க்காதே. நம் வீடு உனக்குத் தெரியும், கூடத்தில் இருமினால் அடுப்படியில் கேட்கும். இது என் மகள் மெரின் காதில் விழக்கூடாத விஷயம். பக்கத்து வீட்டு அன்வருதீன் பாய் கட்டட வேலைக்காக நாளை காலை பஸ்ஸில் காரைக்கால் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மெரினுக்குப் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. எண்ணூறு மீட்டரை நான்கு நிமிடத்தில் ஓட வேண்டும். வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. போன தடவை தோற்றுவிட்டு ஒன்பது நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். நான் வெளியே நின்று தட்டித் தட்டி என் கைதான் வீங்கியது. அதனால் இந்தத் தடவை முறையாகப் பயிற்சி எடுக்கட்டும் என்று, காசில்லாமல் ஓட ஓர் இடம் தேடி இரண்டு மாதம் அலைந்தேன் அக்கா. பெரிய மைதானத்துக்குப் போனால் வாசலில் இருந்த காவலாளி, “கட்டணம்லாம் ஒண்ணும் இல்லீங்க, ஃப்ரீதான். ஆனா உள்ள வுட மாட்டோம்” என்றார். சரி, கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டி விடுவதில்லையே என்று அங்கே கூட்டிப்போனேன். வண்டிதான் இல்லை, மனிதர்கள் ஐந்தைந்து பேராகக் கைகோத்து மருத்துவர் சொன்ன நடையை நடக்கிறார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினால், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா தாத்தா தொப்பியைத் தூக்கி “பொஞ்சூர்! யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?” என்று கேட்க, இவள் மரியாதைக்கு நின்று நம் வம்சத்தையே சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு ஆறு நிமிடம். குருசுக்குப்பம் கரைப் பக்கம் போனால் வழியெல்லாம் வலை காய்கிறது, மீன்காரர்களைக் குறை சொல்ல முடியுமா, அது அவர்கள் பிழைப்பு. அப்புறம் மூலக்குளத்தில் விற்காத மனைகளுக்கு நடுவே புதிதாகப் போட்ட தார் ரோடு. அங்கே மூன்று நிமிடம் நாற்பது விநாடி! நான் ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் வந்த நான்கு நாய்களைப் பார்த்துவிட்டேன். தேர்வுக்கு அந்த நாய்களைக் கூட்டிப்போக முடியாதே.

கடைசியில் நம் பங்குச் சாமியார்தான் கோயில் வளாகத்தைத் திறந்துவிட்டார். நானே மண்டிபோட்டு, என் டேப்பை வைத்துச் சுவரோரமாக அளந்து, இரண்டு சுற்று வந்தால் எண்ணூறு மீட்டர் என்று தையல் சாக்பீஸால் கோடு போட்டேன். முப்பது வருஷத்தில் என் அளவு பிடிக்கவில்லை என்று ஒரு துணி திரும்பி வந்ததில்லை, உனக்கே தெரியும். ஆனால் அந்தக் கோட்டில் பத்து நாளாக ஓடியும் நான்கு நிமிடம் ஆறு விநாடிக்குக் கீழே அவள் வரவில்லை. செருப்பில்லாமல் ஓடினாள், பழைய சோறு குடித்துவிட்டு ஓடினாள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஓடினாள். அதே ஆறு விநாடி. “இன்னும் வேகமா, இன்னும் வேகமா” என்று கத்திக் கத்தி என் தொண்டை போயிற்று, அவள் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. மறுபடியும் அந்தக் கதவுக்கு வெளியே நிற்க என்னால் ஆகாது. ஆகவே நீ எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். நாளை மாலை மெரினைப் போனில் கூப்பிட்டு, உனக்கு நெஞ்சுவலி, உடனே கிளம்பி வா என்று சொல். உன் பேச்சை அவள் தட்ட மாட்டாள். ஓடித் தோற்றால் தன் காலைத் திட்டிக்கொள்வாள், ஓடாமல் போனால் உன்னைத் திட்டுவாள். நீ தாங்குவாய். பாவத்தை நான் ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

மச்சானுக்கு என் வணக்கமும், உன் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் முத்தங்களும். மாதா உங்கள் எல்லோரையும் காப்பாளாக.

உன் தம்பி,
லூயிஸ்

பி.கு. வெள்ளி, விடிந்ததும். அக்கா, உனக்கு நெஞ்சுவலி வேண்டாம். இந்தக் கடிதத்தை வாங்க வந்த அன்வருதீன் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “இன்னா டெய்லரே, அளக்கும்போது தையலுக்குத் துணி வுட்டியா?” என்று கேட்டார். “ஒவ்வொரு டேப் நீளத்துக்கும் ரெண்டு இன்ச் கூட வுட்டேன், வுடாம எப்படி அளக்கிறது?” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கைப்பழக்கம் அக்கா! அவருடைய நீள டேப்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடி அளந்தோம். இரண்டு சுற்றுக்கும் சேர்த்து இருபத்தாறு மீட்டர் கூடுதல். அங்கே பயிற்சியில் இருந்த மெரின் கோட்டை மாற்றிப் போடச் சொல்லி ஓடினாள். மூன்று நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. மூச்சு வாங்க வந்து நின்று, “அப்போ நான் ஒண்ணும் மெதுவா ஓடல. நீதான்பா கிரவுண்ட லூசா தச்சிருக்க” என்று சொல்லி, என் கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக்கொண்டு போய்விட்டாள். தேர்வு முடியும்வரை நான் எதையும் அளக்கக் கூடாதாம். இன்று மாலைக்குள் மூன்று கல்யாண ஜாக்கெட் வெட்டியாக வேண்டும். நீ அவளுக்குப் போன் பண்ணி, அந்த டேப்பை மட்டும் எப்படியாவது வாங்கிக் கொடு.