பன்னிரண்டாயிரமும் ஒரு நீச்சல் குளமும்

ஆசிரியர்களை உருவாக்குவது கல்லூரிகள் என்று உலகம் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறது. யார் ஆசிரியராகலாம், யார் ஆகக்கூடாது என்று தீர்மானிப்பது எங்கள் வங்கிக் கிளையின் மூன்றாம் மேசை. அந்த மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக வீற்றிருப்பவன் அடியேன்.

எங்கள் கடன் பிரிவின் பெருமை 'அரைவாசி விதி'. மாதத் தவணை, மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கடன் கிடையாது. இந்த விதிக்கு அக்கா, தங்கை எல்லாம் தெரியாது என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு. சொன்ன வாய்க்குச் சோதனையாக, ஒரு திங்கட்கிழமை என் அக்கா மகளே எதிரே வந்து உட்கார்ந்தாள்.

ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். நான்கு லட்சம் கடன், தவணை ஏழாயிரம். படித்து முடித்தால் என்ன சம்பளம் கிடைக்கும் என்பதற்கு, எங்கள் தெருக்கோடிப் பள்ளியில் முத்திரையோடு ஒரு கடிதமும் வாங்கி வந்திருந்தாள். பன்னிரண்டாயிரம். என் மகன் ஐந்தாம் வகுப்பு படிப்பது அந்தப் பள்ளியில்தான். பாதி போட்டுப் பார்த்தேன். ஆயிரம் இடித்தது.

சொந்தமாயிற்றே என்று விவகாரத்தை 'உயர்மட்டக் குழு'வுக்கே கொண்டுபோனேன். குழு என்றால் மேலாளர், நான், ஒரு பிஸ்கட் தட்டு. மேலாளர் கோப்பைத் திறக்காமலேயே ஆழ்ந்து பரிசீலித்தார். அந்தப் பெண் கார் வாங்கக் கடன் கேட்டிருக்கக்கூடாதா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். கட்டாவிட்டால் காரைத் தூக்கி வந்துவிடலாம். படித்த படிப்பை எப்படித் தூக்கி வருவது? 'போதிய வருமானமின்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று குழுவின் முன் இன்னொரு கோப்பும் இருந்தது. அதே பள்ளியின் தாளாளர், நீச்சல் குளம் கட்ட நாற்பது லட்சம் கேட்டிருந்தார். பள்ளியின் செலவு கட்டுக்குள் இருப்பதற்கு ஆதாரமாக ஆசிரியர் சம்பள விவரம் தேவைப்பட்டது. காகிதச் சிக்கனத்தில் எனக்கு நிகர் நானே. அக்கா மகள் கொண்டுவந்த கடிதத்தையே நகலெடுத்து அதில் கோர்த்துவிட்டேன்.

"பன்னெண்டாயிரத்துக்கு டீச்சர் கிடைக்கிறாங்களா? மனுஷன் கெட்டிக்காரர்யா," என்று மேலாளர் மெய்சிலிர்த்தார். 'முன்மாதிரியான நிர்வாகம்' என்று எழுதி அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வந்தவள், மேசைமேல் திறந்து கிடந்த இரண்டு கோப்புகளையும் பார்த்துவிட்டாள்.

"மாமா, ரெண்டுலயும் அதே பன்னெண்டாயிரம்தானே? அவர் குடுத்தா லாபம், நான் வாங்கினா நஷ்டமா?"

"அது வேற பிரிவும்மா."

"கையெழுத்து ஒண்ணாத்தான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. மறைப்பானேன், வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அதை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

மறு வருடம் குளம் தயாராகிவிட்டது. திறப்பு விழாவில் எனக்கு முன்வரிசை நாற்காலி, சால்வை. அதே வாரம் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது: கணக்கு ஆசிரியை சம்பளம் போதாமல் விலகிவிட்டதால், வேறு ஆள் கிடைக்கும்வரை பெற்றோரே வீட்டில் கணக்கு சொல்லித்தர வேண்டும். பின்னத்தை மகனுக்குப் புரியவைக்க இருபது நாள் தொண்டை வற்றக் கத்தினேன். எனக்கே புரியாமல் போனதுதான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை அவனைக் குளத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் கட்டணம் வாங்கும் கூண்டுக்குள் என் அக்கா மகள் இருந்தாள். அவன் தன் கணக்குச் சோகத்தை அவளிடம் ஒப்பித்தான். அவள் ஒரு சீட்டை நாலாகக் கிழித்து, இரண்டு துண்டை அவன் கையில் வைத்து ஏதோ கேட்டாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. முழுதாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"இங்க என்ன சம்பளம்மா?" என்று கேட்டேன்.

"பதினாலாயிரம் மாமா."

தொழில் புத்தி சும்மா இருக்குமா? பாதி ஏழாயிரம். விதி கச்சிதமாகப் பொருந்தியது.

"இப்ப உனக்கு அந்தப் படிப்புக்கே கடன் கிடைக்கும்மா," என்றேன் சந்தோஷமாக.

"படிச்சு டீச்சரா போனா பன்னெண்டுதானே?"

"ஆமா. அப்ப கிடைக்காது."

"அப்போ டீச்சராகாம இருந்தா, டீச்சர் படிப்புக்குக் கடன் உண்டு," என்று சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தாள்.

மகன் கிழிந்த சீட்டைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, கணக்கு டீச்சர் எப்போது வருவார் என்று என்னைக் கேட்டான். போன வருடமே வந்தார். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியது நான்தான்.